யார் இந்த க்னுட் ராஸ்முசன்? ஃப்ளூ காய்ச்சல் வழிமறித்தும் நிற்காத துருவப் பயணம்

2020 மார்ச்சில் உலகமே வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தபோது, வடதுருவக் கடலின் நடுவே பனியில் உறைந்து நின்றுகொண்டிருந்தது போலார்ஸ்டெர்ன் என்ற ஜெர்மன் ஆய்வுக் கப்பல். ஓராண்டு முழுக்கப் பனியோடு மிதந்தபடி பருவநிலையை ஆராய்வதுதான் திட்டம். கப்பலில் கொரோனா இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர்களை மாற்றிவிட வரவேண்டிய அடுத்த குழுவால் வர முடியவில்லை. நார்வே எல்லைகளை மூடியதால் விமானத் திட்டம் ரத்தானது. கடைசியில் மே மாதம், ஆய்வை இடையில் நிறுத்திவிட்டு, கப்பலே ஸ்வால்பார்ட் தீவுகள் வரை இறங்கி வந்தது. ஜெர்மனியில் தனிமைப்படுத்தி, பரிசோதனை செய்து அழைத்துவரப்பட்ட புதிய குழுவை ஏற்றிக்கொண்டு மீண்டும் பனிக்குள் போனது.

அதே ஆண்டு டிசம்பரில் அண்டார்டிகாவுக்கும் கொரோனா போய்ச் சேர்ந்தது. அங்குள்ள சிலி நாட்டுத் தளம் ஒன்றில் 36 பேருக்குத் தொற்று உறுதியானது.

துருவ ஆய்வாளர்களுக்குப் பெருந்தொற்று புதுசா என்றால், இல்லை. ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, பரிசோதனையும் கிடையாது, தடுப்பூசியும் கிடையாது, கிருமி எது என்றுகூட யாருக்கும் தெரியாது என்ற நிலையில், ஒரு துருவ ஆய்வுக் குழு ஃப்ளூ காய்ச்சலைச் சந்தித்தது. அந்தக் குழுவின் தலைவர்தான் க்னுட் ராஸ்முசன்.

கிரீன்லாந்தில் பிறந்த பாதிரியார் மகன்

1879 ஜூன் 7. கிரீன்லாந்தின் மேற்குக் கரையில், இன்று இலுலிசாட் என்று அழைக்கப்படும் ஊரில் பிறந்தார் ராஸ்முசன். அப்பா டென்மார்க்கைச் சேர்ந்த பாதிரியார். அம்மாவின் வழியில் இனூயிட் ரத்தமும் உண்டு. (எஸ்கிமோ என்று பழைய பாடப் புத்தகங்கள் சொல்வது இந்த மக்களைத்தான். அந்தப் பெயரை அவர்களில் பலர் விரும்புவதில்லை.)

வீட்டில் டேனிஷ், தெருவில் கிரீன்லாந்து மொழி. விளையாட்டுத் தோழர்கள் எல்லாம் இனூயிட் பிள்ளைகள். நாய்களைப் பூட்டிப் பனி வண்டி ஓட்டுவதைச் சின்ன வயதிலேயே பழகிவிட்டார். பனிரெண்டு வயதுவாக்கில் படிப்புக்காக டென்மார்க் போனார். அங்கே நடிகராக முயன்றார், ஓபரா பாடகராகவும் முயன்றார். இரண்டும் சரிப்பட்டு வரவில்லை. துருவ வரலாற்றுக்கு அது நல்லதாகப் போயிற்று.

1902-ல் ஒரு சிறு குழுவோடு கிரீன்லாந்துக்குத் திரும்பினார். வடகோடியில், வெளியுலகத் தொடர்பே அதிகம் இல்லாமல் வாழ்ந்த சில நூறு இனூயிட் மக்களைச் சந்தித்தார். மற்ற ஆய்வாளர்களுக்கும் அவருக்கும் இருந்த வித்தியாசம் அப்போதே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் பனியை அளக்க வந்தார்கள். இவர் பனியில் வாழ்கிறவர்களின் கதைகளைக் கேட்க உட்கார்ந்தார். அதுவும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல்.

1910-ல் அந்த வடகோடியில் ஒரு வணிக நிலையம் தொடங்கினார். பெயர் தூலே. கூட்டாளி, பீட்டர் ஃப்ராய்கன் என்ற டென்மார்க் இளைஞர். நரித் தோலை வாங்கிக்கொண்டு துப்பாக்கி, கத்தி, மரம் ஆகியவற்றைக் கொடுப்பது தொழில். லாபத்தை என்ன செய்தார்கள்? ஆய்வுப் பயணங்களுக்கே செலவழித்தார்கள். அதனால்தான் அவருடைய பயணங்கள் எல்லாமே தூலே பயணங்கள் என்று எண் போட்டு அழைக்கப்படுகின்றன. மொத்தம் ஏழு.

முதல் பயணம் 1912-ல். கிரீன்லாந்தின் வடக்கே ஒரு கடல் கால்வாய் இருப்பதாக அமெரிக்க ஆய்வாளர் பியரி வரைபடத்தில் போட்டிருந்தார். அப்படி ஒன்று கிடையாது என்று ராஸ்முசனும் ஃப்ராய்கனும் நேரில் போய்க் காட்டினார்கள். 1916 முதல் 1918 வரை நடந்த இரண்டாவது பயணத்தில் தாவரவியலாளர் துரில்ட் வுல்ஃப் உட்பட இருவர் உயிரிழந்தார்கள். அதற்குக் காரணம் நோய்த்தொற்று இல்லை, பசியும் களைப்பும் விபத்தும்தான். நோய் அதற்குப் பிறகுதான் வந்தது.

கப்பல் வந்தால் காய்ச்சல் வரும்

1918-ன் இலையுதிர் காலத்தில் ஸ்பானிஷ் ஃப்ளூவின் கொடிய அலை உலகைச் சுற்றியது. துருவப் பகுதியில் நோய் போன வழி ஒன்றுதான்: கப்பல்.

அலாஸ்காவின் நோம் நகரத்துக்கு, குளிர்காலத்தில் கடல் உறைவதற்கு முன்பு அக்டோபரில், சியாட்டிலில் இருந்து விக்டோரியா என்ற கப்பல் வந்தது. அதற்குப் பிறகு சில வாரங்களில் நோமின் பூர்வகுடி மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் இல்லை. அங்கிருந்து சுமார் 100 கி.மீ. தள்ளி இருந்த ப்ரெவிக் மிஷன் என்ற சிறிய ஊரில் 80 பேர் வாழ்ந்தார்கள். நவம்பரில் ஐந்தே நாளில் 72 பேர் இறந்தார்கள். கனடாவின் லாப்ரடோர் கரையில் ஓகாக் என்ற ஊருக்கு நோயைக் கொண்டுபோனது மிஷனரிகளின் சரக்குக் கப்பல். அந்த ஊரே பிறகு கைவிடப்பட்டது.

ஏன் இவ்வளவு சாவு? ஃப்ளூவைப் பார்த்தே பழக்கமில்லாத உடல்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை நிறையப் பேர் யோசிப்பதில்லை. சின்ன ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டால், வேட்டைக்குப் போக ஆள் இல்லை. தண்ணீருக்குப் பனியை உருக்க ஆள் இல்லை. விளக்கில் எண்ணெய் ஊற்ற ஆள் இல்லை. பாதிப்பேரை ஃப்ளூ கொன்றது என்றால், மீதிப்பேரில் பலரைக் குளிரும் பசியும் கொன்றன. பெற்றோர் செத்துக் கிடந்த வீடுகளில் பிள்ளைகள் மட்டும் உயிரோடு இருந்தார்கள். அவர்களுக்காகவே அலாஸ்காவில் அனாதை இல்லங்கள் திறக்க வேண்டியதாயிற்று.

இதில் ஒரு விநோதமும் உண்டு. நார்வேயின் ரொவால்ட் அமுண்ட்சென், அதாவது தென்துருவத்தை முதலில் தொட்டவர், 1918 கோடையில் மாட் என்ற கப்பலில் சைபீரியக் கரையோரமாகக் கிளம்பிப் பனியில் சிக்கிக்கொண்டார். அந்த இலையுதிர் காலத்தில் உலகத்தில் மிகவும் பாதுகாப்பாக இருந்த ஆட்களில் அவர்களும் அடக்கம்! 1919-ல் அமுண்ட்செனுக்காகக் கிரீன்லாந்தின் வடக்கில் உணவுக் கிடங்கு அமைத்துக் கொடுத்ததும் ராஸ்முசனின் ஆட்கள்தான். அதுதான் மூன்றாவது தூலே பயணம்.

1921: கிளம்பும் முன்பே இரண்டு சாவு

ராஸ்முசனின் வாழ்நாள் கனவு ஐந்தாவது பயணம். கிரீன்லாந்தில் இருந்து கனடா வழியாக அலாஸ்கா வரை, இனூயிட் மக்கள் வாழும் நிலம் முழுவதையும் பார்த்துவிடுவது. எல்லோரும் ஒரே மொழியின் கிளைகளைத்தான் பேசுகிறார்களா, கதைகள் ஒன்றா, இந்த மக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்ற கேள்விகளுக்கு விடை தேடுவது.

டென்மார்க்கில் இருந்து வந்த நிபுணர்கள்: தொல்லியலுக்கு தெர்கெல் மாத்தியாசென், மக்கள் வாழ்வியலுக்கு காய் பிர்கெட்-ஸ்மித், வரைபடத்துக்கும் இயற்கை வரலாற்றுக்கும் ஃப்ராய்கன். ஆனால் பயணத்தின் முதுகெலும்பு தூலேயில் இருந்து சேர்ந்த இனூயிட் ஆண்களும் பெண்களும்தான். ஆண்கள் வேட்டையாடி, நாய்களை ஓட்டினார்கள். பெண்கள் தோல் உடைகளைத் தைத்தார்கள்.

தையல்தானே என்று நினைத்துவிட வேண்டாம். கேரிபூ மான் தோலில் இரண்டு அடுக்கு உடை: உள் அடுக்கின் ரோமம் உடம்பைப் பார்த்தபடி, வெளி அடுக்கின் ரோமம் வெளியே பார்த்தபடி. சீல் தோல் காலணியை நரம்பு நூலால், தண்ணீர் புகாதபடி தைக்க வேண்டும். காய்ந்து விறைத்த தோலைப் பல்லால் மென்று மென்று இளக்க வேண்டும். மைனஸ் 40 டிகிரியில் ஒரு தையல் விட்டுப்போனால் ஒரு விரல் போகும், சில சமயம் கால் போகும். இது மிகையில்லை. இதே பயணத்தில் பனிப்புயலில் சிக்கிய ஃப்ராய்கன் பிறகு தன் இடது காலை இழந்தார். ஒரு நல்ல தையல்காரப் பெண் இல்லாமல் எந்தத் துருவ ஆய்வாளரும் ஒரு குளிர்காலத்தைத் தாண்ட முடியாது.

அந்தக் குழுவில் சேர வேண்டியவர் ஃப்ராய்கனின் மனைவி நவரானா. தூலே மக்களில் ஒருவர். 1911-ல் திருமணம், இரண்டு குழந்தைகள். தெற்கே வரும் வழியில் உபெர்னாவிக் என்ற ஊரில் ஃப்ளூ அவரைப் பிடித்தது. அங்கேயே இறந்துபோனார். ஞானஸ்நானம் பெறாதவர் என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கத் தேவாலயம் மறுத்துவிட்டது. ஃப்ராய்கனே முன்நின்று மனைவியைப் புதைத்தார். அந்தக் கோபம் அவருக்குக் கடைசிவரை ஆறவில்லை.

குழு கோட்ஹாப் வந்து சேர்ந்தது. கிரீன்லாந்தின் இன்றைய தலைநகர் நூக்தான் அது. அங்கேயும் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்தது. தூலேயில் இருந்து வந்தவர்கள் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். மற்றவர்கள் தேறினார்கள். இக்கியாங்குவாக் என்ற வேட்டைக்காரர் தேறவில்லை. கனடா மண்ணை மிதிக்கும் முன்பே பயணம் ஓர் உறுப்பினரைப் பறிகொடுத்தது.

அவருடன் வந்த மனைவி அர்னாருலுங்குவாக்குக்கு அப்போது 25 வயதுதான் இருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து செய்வதற்கென்று ஒப்புக்கொண்ட வேலை. கணவர் போய்விட்டார். ஊர் பல நூறு கிலோமீட்டர் வடக்கே. அர்னாருலுங்குவாக் திரும்பிப் போகவில்லை. செப்டம்பரில் கப்பல் கிளம்பியபோது அதில் அவரும் இருந்தார்.

கப்பலே தனிமை முகாம்

இன்றைய கண்ணோடு பார்த்தால் ஒரு கேள்வி எழும். காய்ச்சல் ஊரில் இருந்து நேராகக் கனடாவின் இனூயிட் மக்களிடம் போனார்களே, நோயையும் கூடக் கொண்டுபோயிருந்தால்?

கொரோனா காலத்தில் என்றால் 14 நாள் தனிமை, இரண்டு பரிசோதனை, அதற்குப் பிறகுதான் பயணம் என்றிருந்திருக்கும். 2020-ல் கிரீன்லாந்து அரசு விமானங்களையே நிறுத்தியது, சிறிய ஊர்களைக் காப்பாற்றத்தான். 1921-ல் அப்படி எந்த விதியும் இல்லை. ஆனால் ஃப்ளூ தொற்றிய ஒன்று முதல் நான்கு நாட்களில் அறிகுறி தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பரப்பும் சக்தியும் குறைந்துவிடும். பனி நிறைந்த கடலில் மெதுவாகப் போன அந்தச் சிறிய கப்பலே, யாரும் திட்டமிடாத ஒரு தனிமை முகாம் மாதிரி ஆனது.

கப்பலுக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு துருவ மக்களுக்கு அனுபவத்தில் தெரியும். விஞ்ஞானிகள் அதை முறையாகக் கணக்கெடுத்தது பிறகுதான். ஸ்பிட்ஸ்பெர்கன் தீவில் 1930-31-ல் நடந்த ஓர் ஆய்வில், குளிர்காலம் முழுக்கச் சளிப்பிடிப்பு ஏறக்குறைய காணாமல் போவதும், கோடையின் முதல் கப்பல் வந்த சில நாட்களில் ஊரே தும்மத் தொடங்குவதும் பதிவானது.

மூன்று பேர், நாய்கள், ஒரு கண்டம்

ஹட்சன் விரிகுடாவுக்கு வடக்கே ஒரு சிறு தீவில் வீடு கட்டி, அங்கிருந்து குழுக்களாகப் பிரிந்தார்கள். மாத்தியாசென் தோண்டிய இடங்களில், திமிங்கில எலும்பால் வீடு கட்டி வாழ்ந்த பழைய மக்களின் தடயங்கள் கிடைத்தன. இன்றைய இனூயிட் மக்களின் முன்னோர் அவர்கள். தொல்லியலில் இன்றும் அதற்குத் தூலே பண்பாடு என்றே பெயர். நரித்தோல் கடையின் பெயர் ஒரு நாகரிகத்துக்குப் பெயராகிவிட்டது!

ராஸ்முசன் பெரியவர்களைத் தேடிப் போனார். இக்லூலிக் பகுதியில் ஔவா என்ற மந்திரவாதிப் பூசாரியிடம் நாள்கணக்கில் உட்கார்ந்து கேட்டார். நோய் ஏன் வருகிறது என்பதற்கு அந்த மக்களிடம் தெளிவான விளக்கம் இருந்தது. யாரோ விலக்கை மீறியிருக்கிறார்கள், கடலின் அடியில் வாழும் தாய் கோபத்தில் இருக்கிறாள், அவள் கூந்தலில் அழுக்குச் சேர்ந்திருக்கிறது. பூசாரி மயக்க நிலையில் கடலுக்குள் இறங்கி அந்தக் கூந்தலைச் சீவிவிட வேண்டும். ராஸ்முசன் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை, திருத்தவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொண்டார். அவருடைய வேலையின் மதிப்பே அதில்தான் இருக்கிறது.

1923 மார்ச்சில் கடைசிக் கட்டம். நிபுணர்கள் எல்லாம் வேறு வழிகளில் திரும்ப, அலாஸ்கா நோக்கிக் கிளம்பியது மூன்றே பேர்: ராஸ்முசன், மிடெக் என்ற இளம் வேட்டைக்காரர், அர்னாருலுங்குவாக். சமையல், தையல், முகாம் வேலை எல்லாம் அர்னாருலுங்குவாக் பொறுப்பு. சேகரித்த பொருட்களைப் பத்திரப்படுத்துவதிலும் அவர் கை இருந்தது. வடமேற்குப் பாதை என்று கப்பல்காரர்கள் நூற்றாண்டுகளாகத் தேடிய அந்தக் கரையோரம் முழுவதையும் நாய் வண்டியில் கடந்த முதல் பயணம் அது.

1924-ல் அலாஸ்காவின் நோம் வந்து சேர்ந்தார்கள். ஆறு வருடங்களுக்கு முன்பு விக்டோரியா கப்பல் வந்து நின்ற அதே நோம். கோடையில் சுற்றுவட்டாரத் தீவு மக்கள் வியாபாரத்துக்காக அங்கே வந்து கூடுவது வழக்கம். ராஸ்முசனுக்கு அது வசதியாகப் போயிற்று. ஊர் ஊராக அலையாமல் ஒரே இடத்தில் பல ஊர்க் கதைகளைக் கேட்டு எழுத முடிந்தது. ஆனால் அந்தக் கரையில் கதை சொல்லக்கூடிய எத்தனையோ பேர் 1918 நவம்பரிலேயே போய்விட்டார்கள். மூன்று வருடப் பயணத்தில் அவர் மிகவும் தாமதமாக வந்து சேர்ந்த இடம் என்றால் அது அலாஸ்காதான். அவர் எழுதிக்கொண்டதெல்லாம் மிச்சம் இருந்தவர்கள் சொன்னது.

ஆசியப் பக்கம் வாழும் இனூயிட் மக்களையும் பார்த்துவிட வேண்டும் என்று பெரிங் நீரிணையைத் தாண்டிச் சைபீரியக் கரையில் இறங்கினார். கையில் அனுமதிச் சீட்டு இல்லை. சோவியத் அதிகாரிகள் உடனே திருப்பி அனுப்பிவிட்டார்கள். பெருந்தொற்றால் நிற்காத பயணம் விசா பிரச்சினையில் நின்றது.

பத்துத் தொகுதிகள்

ஐந்தாவது தூலே பயணத்தின் அறிக்கை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. முதல் தொகுதி 1920-களில், கடைசி 1952-ல். அலாஸ்காக் குறிப்புகள் அவர் இறந்த பிறகே அச்சேறின. கனடாவின் இனூயிட் மக்கள் இன்று தங்கள் முன்னோரின் பாடல்களையும் நம்பிக்கைகளையும் தேடும்போது போய் நிற்கும் இடங்களில் ஒன்று அந்தத் தொகுதிகள். ஔவாவின் சொற்கள் இன்று இருப்பதே அதனால்தான்.

அர்னாருலுங்குவாக் ஊர் திரும்பினார். டென்மார்க் அரசர் அவருக்குப் பதக்கம் வழங்கினார். பயணக் கதைகளில் ராஸ்முசனின் பெயர் வந்த அளவுக்கு அவர் பெயர் வரவில்லை. 1933-ல் காலமானார்.

அதே 1933-ல் ராஸ்முசன் கிழக்குக் கிரீன்லாந்தில் இருந்தார். ஏழாவது பயணம். இந்த முறை விமானங்கள், படப்பிடிப்புக் குழு எல்லாம் உண்டு. அங்கே உணவு நஞ்சாகி நோயில் விழுந்தார். ஊர்க்காரர்கள் விருந்தில் பரிமாறிய, பக்குவப்படுத்திய பறவை இறைச்சிதான் காரணம் என்று சொல்வார்கள். பிறகு நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. கப்பலில் டென்மார்க் கொண்டுவந்தார்கள். டிசம்பர் 21-ம் தேதி இறந்தார். வயது 54.

நிமோனியாவுக்கு அப்போது மருந்தென்று பெரிதாக எதுவும் இல்லை. பென்சிலின் மருத்துவமனைகளுக்கு வர இன்னும் ஏறக்குறைய பத்து வருடம் இருந்தது. நவரானாவையும் இக்கியாங்குவாக்கையும் கொன்ற நோய்க்கு மட்டும் அந்த ஆண்டுதான் முகம் தெரிந்தது: மனிதர்களைத் தாக்கும் ஃப்ளூ வைரஸை லண்டன் விஞ்ஞானிகள் முதன்முதலில் பிரித்தெடுத்தது 1933-ல்.